பதினைந்தாவது படகுச் சறுக்கு

2024 அக்டோபர் மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, பழவேற்காடு ஏரியில் காணாமல் போய் எழுபத்தைந்து நாள் ஆகியிருந்த விஜயகுமார், தன் ஃபைபர் படகோடு மணவாள நகர் கூவத்தில் வந்து நின்று, அது பொது இடமா என்று கேட்டான். அன்றைக்குத் தக்காளி கிலோ அறுபது ரூபாய். பழவேற்காட்டுக்கும் மணவாள நகருக்கும் நடுவில் நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. படகு வரும்படியான வாய்க்கால் ஒன்றுகூடக் கிடையாது. எப்படி வந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. நம் ஜனங்கள் அப்படித்தான். ஆகாயத்திலிருந்து ஆள் குதித்தாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் வண்டியை எங்கே நிறுத்துகிறான் என்பதில் மட்டும் சட்டையைப் பிடிப்பார்கள். வெள்ளத்தின்போது மீட்புப் படகு இறக்குவதற்காக ஆற்றோரம் ஒரு சிமெண்டுச் சறுக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு குடியிருப்போர் சங்கம் அதன் குறுக்கே சங்கிலி கட்டி இரண்டு பக்கமும் அரளிச்செடி வைத்திருந்தது. நடைப்பயிற்சியில் இருந்த சங்கச் செயலாளர் நின்று, "இது அசோசியேஷன் மெயின்டெயின் பண்ற எடம்பா, வெளியாளுங்க படகு வுடக்கூடாது" என்றார். விஜயகுமார் தலையை ஆட்டினான். துடுப்பை அவன் தொடவே இல்லை. படகு வந்த வழியே பின்பக்கமாக நகர்ந்து, பாலத்துக்கு அடியில் போய், மறுபக்கம் வெளியே வரவில்லை. போகும்போது அதன் விளிம்பு தண்ணீரில் நாலு விரற்கடை கூடுதலாக இறங்கியிருந்ததை, செயலாளர் எடுத்த வீடியோவில் பிற்பாடு எல்லாரும் பார்த்தார்கள்.

விஜயகுமார் கோரைத்திட்டுக் குப்பத்துக்காரன். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டில் நூற்றுப் பத்து வீடு உள்ள ஊர் அது. ஆகஸ்டு முதல் தேதி விடியலில் எறா வலையோடு தனியாகப் போனான். கடலுக்குக்கூடப் போகவில்லை. ஆள் எழுந்து நின்றால் இடுப்புதான் நனையும் என்கிற ஆழத்தில், காற்றே இல்லாத காலையில், சுற்றி நாலு படகு நிற்கும்போதே, படகும் அவனும் அங்கே இல்லாமல் போனார்கள். நாலு படகுக்காரர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்: குனிந்து வலையை உதறினோம், நிமிர்ந்தோம், இல்லை. மூன்று நாள் ஏரியைக் காலாலேயே நடந்து தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அவன் மனைவி செண்பகம் சோறு தண்ணீர் இல்லாமல் கரையிலேயே கிடந்தாள். கல்யாணமாகி நாலு வருடம்தான் ஆகியிருந்தது, அதில் பாதி நாள் சண்டை. சண்டையும் பிரியம்தான் என்று அவள் தெரிந்துகொண்டது அந்த மூன்று நாளில்.

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்கிற முறைக்கு அங்கே பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில், ஆண்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பார்கள். பெயருக்கு உரியவன் 'நம்ம கரை' என்று பதில் சொல்லவேண்டும். படகு திரும்பி வரும்போது கரையில் கயிறு வாங்குகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள்: 'நம்ம கரை, ஏறு.' பெயர் படிக்கப்பட்டு, பதில் சொல்லப்பட்டவனுக்குத்தான் அந்த வருடம் அந்தக் கரை. காணாமல் போனவனின் பெயரும் ஒரு வருடம் குடத்தில் இருந்தாக வேண்டும், வீட்டில் ஒருவர் அவனுக்காகப் பதில் சொல்லலாம். ஊர்த் தலைவர் சடையப்பனுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. முப்பது வருடமாகக் குடத்தில் கை விடுகிறவர். ஆனால் மனுசன் ரொம்ப இளகிய மனசுக்காரர், அதுதான் வினையாகப் போயிற்று. விஜயகுமாரின் சீட்டு கையில் வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். முதல் வரிசையில் செண்பகம், கண் இரண்டும் வீங்கி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெயரைக் காதில் கேட்டால் இந்தப் பெண் தாங்குமா என்று நினைத்தார். சீட்டைப் படிக்காமல் மடியில் செருகிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். கூட்டத்தில் கவனித்தவர்களும் அதை நல்ல காரியம் என்றே நினைத்தார்கள்.

சீட்டெல்லாம் முடிந்து குடத்தைக் கவிழ்த்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, விஜயகுமாரின் படகு வந்தது. உச்சி வெயிலில், ஊரே பார்க்க, நேராகத் தன் துறைக்கு வந்தது. அவன் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தான், காணாமல் போன அன்றைக்குக் கட்டியிருந்த அதே நீலக் கட்டம் போட்ட லுங்கி. படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே இரண்டு சாண் இருந்தது. செண்பகம் சேலையோடு தண்ணீரில் இறங்கி ஓடினாள். அவன் கயிற்றை வீசினான், அவள் பிடித்தாள், 'நம்ம கரை, ஏறு, ஏறுயா' என்று கத்திக்கொண்டே இழுத்தாள். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. இருபது முழம், முப்பது முழம், ஐம்பது முழம் என்று காலடியில் குவிந்துகொண்டே போயிற்று. படகு மட்டும் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகரவில்லை. கடைசியில் கயிற்றின் மறுமுனை அவள் கைக்கு வந்தபோது அதில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. படகு பின்பக்கமாகப் போய் மறைந்தது. அந்தக் கயிறு இன்றைக்கும் சடையப்பன் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, இன்னும் காயவில்லை.

சடையப்பன் அன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டுக்கு வந்து, மடியிலிருந்து சீட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

"ஒன் காதுல வுழுந்தா தாங்கமாட்டியேன்னுதான்மா வுட்டேன். நல்லதுன்னு நெனச்சிகினு பண்ணிட்டேன்."

"இன்னா மாமா இப்புடி பண்ணிட்ட? நா அழுதா அழுதுட்டுப் போறேன். அவரு எங்க போவாரு?"

"குடத்தக் கவுத்தாச்சி. இனிமே வர்ற பொரட்டாசிதான். அதுவரிக்கும் அவனுக்கு இந்த ஏரில எந்தக் கரையும் இல்லம்மா. யாருதுன்னு இல்லாத பொதுக் கரையாப் பாத்து ஏறுனாத்தான் உண்டு."

அடுத்த செவ்வாயிலிருந்து அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். முதலில் பழவேற்காட்டுப் பக்கம் இன்னொரு ஊரின் மீன் இறக்கும் தளத்தில் வந்து பொதுவா என்று கேட்டிருக்கிறான். எங்க கிராமத்துது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கடுத்த செவ்வாய், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி தத்தெடுத்திருந்த ஏரி. அங்கே 'பொதுமக்கள் பயன்பாட்டுக்கு' என்று கொட்டை எழுத்தில் பலகை இருந்தது, அடியில் பொடி எழுத்தில் 'அனுமதி பெற்று' என்றும் இருந்தது. செக்யூரிட்டி, பாஸ் எங்கே என்றார். மூன்றாவதுதான் மணவாள நகர். அந்த வீடியோ சுற்றிச் சுற்றி செண்பகத்தின் கைப்பேசிக்கும் வந்தது. அவள் பஸ் பிடித்துப் போய்ச் சங்கச் செயலாளரைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான், காபி கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: எங்கள் தப்பில்லை அம்மா, திருவள்ளூரில் யாரோ ஒரு பெண் எங்கள் சறுக்கைப் பொது என்று கவர்மெண்டு லிஸ்டில் ஏற்றிவிட்டாள், அதைப் பார்த்துத்தான் கண்டவர்களும் வருகிறார்கள்.

அந்த யாரோ ஒரு பெண் பிரின்சி. கும்மிடிப்பூண்டிப் பெண், இருபத்தாறு வயது, திருவள்ளூரில் ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வெள்ளம் வந்த வருடம் மீட்புப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் எங்கே இறக்குவது என்று தெரியாமல் அரை நாள் சுற்றினார்கள். அதன் பிறகு மாவட்டத்திலுள்ள ஏரி, ஆறு, கடலோரம் எல்லாவற்றிலும் பொதுப் படகு இறங்குதளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்டு இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. பெயர், ஆழம், சரிவு, டிராக்டர் வருமா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம், யார் வேண்டுமானாலும் இறங்கலாமா, ஆம் அல்லது இல்லை. பிரின்சி நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் பதினாலு இடத்துக்கும் ஆம் என்று போட்டுவிட்டாள். அதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, பெட்ரோலுக்கு யார் கொடுப்பார்கள்? செண்பகம் விசாரித்துக்கொண்டு அங்கே வந்து நின்று நடந்ததைச் சொன்னபோது பிரின்சி பட்டியலைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் வரிசை எண் பிசகாமல் போயிருந்தான். பட்டியல் தண்ணீருக்குள் எப்படிப் போயிற்று என்பது தெரியவில்லை. அவன் கைப்பேசிக்கு இப்போதும் மணி அடிப்பதாகவும், எடுத்தால் தண்ணீர் சத்தம் கேட்பதாகவும் செண்பகம் சொன்னாள். பிரின்சி விரலை நாலாவது வரியில் வைத்தாள்.

"நாளிக்கி செவ்வா. பொதட்டூர்பேட்ட, அக்கா. அந்த ஊரு ஏரில வருவாரு."

"நீயும் வர்றியா கண்ணு? எனிக்கி வழி தெரியாது."

"நா ஆம்னு போட்டதாலதானே அக்கா இத்தினி பேஜாரும். வராம இன்னா பண்ணப் போறேன்?"

ஸ்கூட்டியில் போனார்கள். இருட்டோடு கிளம்பியும் ஏரிக்கரையில் ஏறியபோது, மீன் குத்தகை எடுத்தவனின் ஆள் சறுக்கில் நின்று, இது எங்க குத்தகை ஏரி என்று கையை வீசிக்கொண்டிருந்தான். விஜயகுமார் தலையாட்டினான். செண்பகம் வாய்விட்டுக் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பனை உயரம் தள்ளித்தான் இருந்தான், முகத்தில் தாடி வளரவில்லை, லுங்கி நனைந்தே இருந்தது, சுற்றியிருந்த தண்ணீர் மட்டும் ஏரித் தண்ணீரைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. படகு இன்னும் நாலு விரற்கடை தண்ணீரில் இறங்கும்போது சத்தமே கேட்கவில்லை. செண்பகம் பிறந்ததிலிருந்து படகைப் பார்க்கிறவள், கண்ணால் அளந்தாள். இரண்டு சாணில், அதாவது இருபத்துநாலு விரற்கடையில் ஆரம்பித்தது, ஒவ்வொரு இல்லைக்கும் நாலு விரற்கடை போய், இப்போது எட்டு விரற்கடைதான் மிச்சம். "இன்னும் ரெண்டு தபா, அவ்ளோதான் பிரின்சி. மூணாவது தபா படகு முழுவிடும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அடுத்த புரட்டாசிக்குப் பதினோரு மாதம் இருந்தது.

பாக்கி இருந்தது பத்து இடம். செவ்வாய் வருவதற்குள் அவற்றையெல்லாம் நேரில் பார்த்து, உண்மையிலேயே பொதுவாக இருப்பதை மட்டும் விட்டுவைத்து, மற்றதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்கிய இடத்துக்கு அவன் போகமாட்டான் என்று பிரின்சி நம்பினாள், அது சரியாகவும் இருந்தது. மாவட்டம் முழுக்கச் சுற்றினார்கள். ஒரு கோயில் குளத்துச் சறுக்கு தெப்பம் இறக்குவதற்கு மட்டும், வருடத்தில் ஒரு நாள். ஒரு ஏரிச் சறுக்கு செங்கல் சூளைக்காரர் தன் பட்டாவில் இருப்பதாகச் சொன்னார். ஒன்றில் டிக்கெட் கொடுத்து வாத்துப் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று பறவைகளுக்கு என்றார்கள். ஒரு சறுக்கைப் பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவர் தன் சொந்தச் செலவில் போட்டதாகவும், ஜெயித்தவருடைய ஆட்கள் அதில் கால் வைக்கக் கூடாதென்றும் பலகையே இருந்தது. அங்கங்கே செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். தெப்பக்குளத்துத் தர்மகர்த்தாவுக்கு மனம் இளகி, "வரட்டும்மா, நாங்களே பர்மிஷன் தர்றோம்" என்றார். செண்பகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரின்சிதான் திரும்பும் வழியில் யோசித்து யோசித்துச் சொன்னாள், பர்மிஷன் தருகிறவர் இருந்தால் அது அவருடைய இடம், பொது கிடையாது, அவர் வா என்றாலும் போ என்றாலும் ஒன்றுதான். செண்பகம் அந்தப் பேச்சைக் கேட்டு அவளைக் கெட்டவார்த்தையில் திட்டினாள், பிறகு கம்மவார்பாளையம் டீக்கடையில் மன்னிப்புக் கேட்டாள்.

ஐந்திலிருந்து ஒன்பது வரை நீக்குவதற்குள் திங்கள் முடிந்துவிட்டது. பத்தாவது பள்ளிப்பட்டு, ஆற்றோரம். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவன் வந்து நின்றதை, அந்த ஊர்க்காரர் ஒருவர் பட்டியலில் இருந்த எண்ணைப் பார்த்துப் பிரின்சிக்குப் போனில் சொன்னார். அவர் மரியாதையான ஆள். நைனா, இது எங்க ஊர்க்காருங்க சேந்து போட்டது, ஆனா நீ டீ குடிச்சிட்டுப் போ என்று சொன்னாராம். டீயை நீட்டினபோது கிளாஸ் அவன் கையிலிருந்து நழுவி, விழுந்த சத்தம் கேட்காமல் போய்விட்டதாம். நாலு விரற்கடைதான் மிச்சம் என்பதை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த வாரத்துக்குள் மிச்சமிருந்த நாலு இடத்தையும் பார்த்து முடித்தார்கள். நாலுக்கும் ஆள் இருந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனை ஏரி, எத்தனை குட்டை, எவ்வளவு நீளம் கடல்! எல்லாவற்றுக்கும் ஒருவர் வந்து எங்களுடையது என்றார். பிரின்சி பதினாலு வரியையும் நீக்கிவிட்டாள். பட்டியல் வெறும் கட்டங்களாக இணையத்தில் கிடந்தது, அதை மேலதிகாரிகள் யாரும் கவனிக்கவில்லை.

போக இடம் இல்லாததால் விஜயகுமார் ஏரி நடுவிலேயே நின்றான். நவம்பர் முழுக்க, எல்லாச் செவ்வாயும், கோரைத்திட்டிலிருந்து பார்த்தால் தெரிந்தது. ஆபீசில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றான். மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் வலை போட்டார்கள், அந்த மாதம் எறா நன்றாக விழுந்தது. செண்பகம் மட்டும் கரைக்குப் போவதை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் பிரின்சி வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். அவன் நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

பிரின்சியின் அப்பா யேசுதாஸ் தொழிற்பேட்டையில் இருபது வருடமாக முதல் ஷிப்டுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. மழை பெய்தால் நிரம்பிவிடும், நிரம்பினால் இருபது நாளைக்கு வடியாது, ஜனங்கள் வண்டியைத் தூக்கித் தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். இந்தப் பாதையைச் சரிசெய்யச் சொல்லி யேசுதாஸ் ஒன்பது வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். மனுசனுக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. டிசம்பர் பிறக்கும்போது பேய் மழை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து நனைந்துகொண்டே வந்தவர், சுரங்கப்பாதை ரொம்பிவிட்டது, பதில் மட்டும் பை நிறைய இருக்கிறது என்று அலுத்துக்கொண்டே மஞ்சள் பையைத் தரையில் கொட்டினார். பிரின்சி ஒன்றை எடுத்துப் படித்தாள். இந்தச் சுரங்கப்பாதை எங்கள் பொறுப்பில் இல்லை என்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதியிருந்தார்கள். எங்களுடையது அல்ல என்று சாலையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். எங்கள் எல்லைக்குள் வராது என்று ஊரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். மூன்றிலும் கையெழுத்து, முத்திரை, தேதி. அவள் மூன்றையும் இரண்டு தடவை படித்தாள்.

"நைனா, அந்தப் பாதைக்கி எறங்குற ரோடு சிமெண்டுதானே?"

"சிமெண்டுதான். சறுக்கா போவும். இன்னாத்துக்கு கேக்கற?"

"யாரு வேணா போலாமா?"

"யாரு வேணா போலாம். யாராலயும் போவ முடியாது."

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் பிரின்சி பதினைந்தாவது வரியை ஏற்றினாள். உரிமையாளர் என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதில் இல்லை என்று எழுதி, மூன்று கடிதத்தையும் இணைத்தாள். யேசுதாஸ் முதல் ஷிப்டு ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய், நாளைக்குக் காலையில் யாரும் வாய் திறந்து நம்ம ஊர் பாதை, நம்ம கம்பெனி பாதை என்று சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் சிரித்தார்கள். ஒன்பது வருடமாக அதை யாரும் சொன்னதில்லை என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மழை விட்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் வாய் பிளந்திருந்த சதுரமான இருட்டுக்குள்ளிருந்து தண்ணீர் சறுக்கில் பாதி தூரம் ஏறிவந்து நின்றது. மேலே வண்டிகளோடு நாற்பது ஐம்பது பேர். செண்பகம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். முதலில் குப்பென்று ஒரு குளிர் வந்தது. பிறகு இருட்டுக்குள் படகின் மூக்கு தெரிந்தது. விளிம்பும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அவன் தண்ணீர்மேலேயே நிற்பதுபோல இருந்தது. தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போயிற்று, அது முழுவதும் போய் முடிகிற வரைக்கும் அவன் மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு கேட்டான்.

"இது பொதுவா?"

கூட்டத்தில் ஒருவரும் எங்களுடையது என்று சொல்லவில்லை. கயிறு வந்து செண்பகத்தின் கையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கயிறு வாங்கும்போதெல்லாம் அதையே சொன்ன வாய் அது. கை கயிற்றைத் தொட்டதும் வாய் தானாகத் திறந்தது. "நம்ம க..." என்று ஆரம்பித்துவிட்டாள். படகு ஒரு முழம் பின்னால் போயிற்று. விளிம்பில் ஒரு பக்கமாகத் தண்ணீர் உள்ளே வழிய ஆரம்பித்தது. மேலேயிருந்து பிரின்சி "அக்கா!" என்று அலறினாள். செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வந்தது. பிறகு, அதுவரைக்கும் அவளுடைய குப்பத்தில் எந்தப் பெண்ணும் கயிறு பிடித்துக்கொண்டு சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"பொதுதான். இது யாருதும் இல்ல."

"நீ யாரும்மா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அவனுக்காக ஏரி ஏரியாக, ஆறு ஆறாக அலைந்தவள், நான்தான்யா, உன் பொண்டாட்டி என்று கத்தத்தான் போனாள். சொன்னால் அந்த இடத்தில் நிற்பது அவன் வீட்டு ஆள் ஆகிவிடும், பிறகு அது பொது இல்லை. தண்ணீர் படகுக்குள் அவன் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நா யாரும் இல்ல. கயிறு வாங்க வந்தேன். ஏறுங்க."

கயிறு முறுக்கேறி நின்றது. இந்தத் தடவை படகு வந்தது. சிமெண்டில் உராய்ந்து நின்ற சத்தம் மேலே நின்ற எல்லாருக்கும் கேட்டது. முதல் ஷிப்டு ஆட்கள் இறங்கி ஆளுக்கொரு கை கொடுத்து மேலே இழுத்தார்கள். விஜயகுமார் லுங்கியைப் பிழிந்துகொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பசிக்கிறது என்றான். செண்பகம் சறுக்கில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். யாரோ தெரியாத பெண் தனக்காக ஏன் இப்படி அழுகிறாள் என்று அவன் சங்கடமாக நின்றான். ஷிப்டு பத்து நிமிடம் தாமதம்.

அவனுக்கு எல்லாம் நினைவிருந்தது. எறா எங்கே கூடும், எந்தக் காற்றுக்கு எந்த வலை, சடையப்பனின் காது நோவு, எல்லாம். செண்பகம் யார் என்பது மட்டும் இல்லை. அவளும் சொல்லிப் பார்க்காமல் இருக்கவில்லை. அந்த வாரமே, பிரின்சி வீட்டுக்குப் பக்கத்தில், ஊருக்குத் திரும்பக் கரையில்லாத அவனுக்கும் சேர்த்து அவள் வாடகைக்கு எடுத்த அறையில், கல்யாணப் போட்டோவை அவனிடம் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறையின் தரையில் தண்ணீர் ஊறியது, உப்புத் தண்ணீர், கொஞ்சம் கறுப்பாக. அவன் நின்ற இடத்தில் கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டது. போட்டோவைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்து, இது வேற யாரோ, பாக்க உங்கள மாதிரி இருக்கும், அவ்ளோதான் என்று சொன்ன பிறகுதான் வடிந்தது. மறு புரட்டாசியில் சடையப்பன் ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்து, போன வருடத்துச் சீட்டையே குடத்தில் போட்டு எடுத்து, தொண்டை கிழிய விஜயகுமார் என்று படித்தார். அவன் பதில் சொல்ல வாயெடுத்ததும் மணல்மேட்டில் அவன் காலைச் சுற்றி ஏரி எட்டிப் பார்த்தது. செண்பகம் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். ஏறின கரைதான் கரை என்று சடையப்பன் சீட்டைக் கிழித்துப் போட்டார். அதோடு அந்தப் பேச்சை ஊர் விட்டுவிட்டது.

விஜயகுமார் இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கேண்டீனுக்கு மீன் எடுத்துக் கொடுக்கிறான். சுரங்கப்பாதையில் மழைக்காலச் செவ்வாய்களில் வேறு ஊர்ப் படகுகளும் வருகின்றன, சில மரப்படகுகள் ரொம்பப் பழையவை. இது யாருடையதும் அல்ல என்று யேசுதாஸ் சுவரில் பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறார். அதை எழுதியது தாங்கள் அல்ல என்று மூன்று அலுவலகமும் பதில் கொடுத்துவிட்டன. பிரின்சிக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை.

போன மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த தமிழ்செல்வி டீச்சர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செண்பகத்தின் கதவைத் தட்டினாள். விஜயகுமார் தட்டின்முன் உட்கார்ந்திருந்தான்.

"ஊட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

"அவரு பேரு?"

"விஜயகுமாரு."

"உங்களுக்கு இன்னா ஒறவு?"

செண்பகம் தரையைப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. சொல்ல ஆசையாக இருந்தது, ஒரே ஒரு தடவை, இந்த முன்பின் தெரியாத டீச்சரிடமாவது.

"ஒறவு ஒண்ணும் இல்ல டீச்சர். இங்க இருக்காரு."

டீச்சர் 'மற்றவர்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று செண்பகம் கேட்டாள். ஊத்தும்மா, ஒன் கை ருசியே தனி, எங்கயோ சாப்ட்ட மாதிரி கீது என்றான் விஜயகுமார்.